மூன்றாவது பையில் இருந்த தட்டு

ஓபினாட்டா-சான் கண்ணை மூடிக்கொண்டால், இசையில் கரைந்துவிட்டார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. கீழே இருக்கும் விலாங்கு மீன் கடையில் பெரிய பெட்டிச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் முடித்துவிட்டுப் படியேறி வந்திருப்பார். பல் டாக்டராக இருந்து நாற்பது வருஷம் ஊரை வாய் திறக்கச் சொன்ன மனுஷன், இப்போது எங்கள் கடையில் உட்கார்ந்து தன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

கடைக்குப் பெயர் கேமல். யோகோஹாமாவில், நோகே சந்தில், மாடியில் இருக்கிறது. சுவரோரம் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. அவை ஒட்டகத்தின் இரண்டு திமில்களாம். என் வீட்டுக்காரருடைய கற்பனை அந்த அளவுக்குத்தான் ஓடியது. எதிரே பதினோரு நாற்காலிகள், எல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்தபடி. வருகிறவர்கள் ஒரு காபி வாங்கிக்கொண்டு ஜாஸ் ரெக்கார்டு கேட்பார்கள், காபி தீர்ந்த பிறகும் கேட்பார்கள். சுவரில் ஒரு பலகை: ரெக்கார்டு ஓடும்போது பேசக் கூடாது.

கல்யாணமான புதிதில், ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வாடிக்கைக்காரரிடம், "காபி ஆறிப்போகுது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேர் முன்னாலும் விரலை நீட்டிப் பலகையைக் காட்டினார். ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தாறு வருஷம் ஆயிற்று, அந்த ஏழு முகமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்பதில்லை.

மாதக் கடைசி ஞாயிறு மதியம் வெளியாட்களுக்குக் கடை கிடையாது. அன்றைக்கு 'மூடிய உறை' கூட்டம். உறுப்பினர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு ரெக்கார்டைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அது என்னவென்று மூச்சு விடாமல் மாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். உறையையும் தட்டையும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். ஒரு பக்கம் ஓட்டுவார். மற்றவர்கள் காதை மட்டும் நம்பிக் கேட்டு, ஓடி முடிந்த பிறகு சண்டை போடுவார்கள். கொண்டுவந்தவரைத் தவிர மற்ற இரண்டு பேரும், மாஸ்டரும் கை தூக்கினால் அந்த ரெக்கார்டு கடை அலமாரிக்குப் போகும். ஒரு கை குறைந்தாலும் கிடையாது. இத்தனை வருஷத்தில் மூன்று கையும் ஒன்றாக உயர்ந்து நான் பார்த்தது நாலே தடவை. நாலும் செத்துப்போனவர்கள் வாசித்தவை.

நவம்பரில் கடைக்கு நாற்பது வருஷம் நிறைகிறது. ஆகஸ்ட் கூட்டத்தில் இரண்டு கிளாஸ் பீர் உள்ளே போன தைரியத்தில் மாஸ்டர் ஒரு அறிவிப்புச் செய்தார்.

"செப்டம்பர்ல எந்த ரெக்கார்டு தேறுதோ, அதுல வாசிச்சவங்க உயிரோட இருந்தா நவம்பர்ல இங்க வந்து வாசிக்கட்டும்."

"உயிரோட இருந்தா" என்று ஓபினாட்டா-சான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். மூன்றாவது நாற்காலியில் இருந்த மிஹாரு சிரிக்கவில்லை.

மிஹாரு பார்சல் வேன் ஓட்டுகிற பெண். முப்பத்தொரு வயது. பத்தொன்பது வயதிலிருந்து எங்கள் கடைக்கு வருகிறாள். வந்தால் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள், அப்படிச் செய்கிற ஒரே வாடிக்கை அவள்தான். ஆல்டோ வாசிக்கிறாள், அதாவது சாக்ஸபோனில் சின்னது. பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிற ஒரு பாஸ்காரனும் ஒரு டிரம்ஸ்காரியும் சேர்ந்து மூன்று பேர். இந்த அறையில் ஒரு தடவை வாசிக்கலாமா என்று மாஸ்டரிடம் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இது கேக்கற இடம், வாசிக்கற இடம் இல்ல" என்று அவரும் மூன்று வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்த காலத்தில் ஓர் உறுப்பினர் மகன் வீட்டோடு போய்விட, அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல்தான் இவளைச் சேர்த்தார்கள்.

செப்டம்பர் கூட்டத்துக்கு முந்தின வாரம் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, டிசம்பர்ல பாஸ்காரன் அவோமோரிக்குப் போறான். அப்பாவோட ஆப்பிள் தோட்டத்தைப் பாத்துக்கணுமாம். அதுக்கப்புறம் நாங்க மூணு பேர் கிடையாது. இங்க வாசிச்சா நவம்பர்லதான், இல்லன்னா இல்லவே இல்ல."

"அதுக்கு?"

"நாங்களே ஒரு ரெக்கார்டு போட்டிருக்கோம். அதைத்தான் பையில கொண்டு வரப்போறேன்."

இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள். என் இரண்டு கையிலும் சோப்பு நுரை. ரயிலைப் பிடிக்க யாரோ படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடுவது போல ஒரு மெட்டு, அதற்குப் பின்னாலேயே பாஸ் துரத்துகிறது. எனக்கு ஜாஸ் பிடிக்காது. முப்பத்தாறு வருஷம் கேட்டால் யாருக்கும் பிடிக்காமல் போகும். இது எனக்குப் பிடித்தது. பிடித்தது என்று அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அந்த ஞாயிறு முதல் பை ஓபினாட்டா-சானுடையது. உள்ளே என்ன இருக்கும் என்று கீழே விலாங்கைக் கிழிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, நியூயார்க், முதல் அச்சு. சுவரில் தண்ணீர் ஒழுகுகிற மாதிரி ஒரு சரசரப்பு. ஊசியைத் தூக்கியதும் விழித்துக்கொண்டார்.

"இதான்யா ஊதறது" என்றார். "இப்ப ஊதறவனுக்கெல்லாம் நுரையீரல் இருக்கு, அனுபவம் எங்க இருக்கு?"

நுகூய்-சானுக்குப் பொறுக்கவில்லை. இவர் பக்கத்துத் தெருவில் லாண்டரி வைத்திருக்கிறார், வயது ஐம்பத்திரண்டு, போன மாதத்துக்கு முன்னால் வந்த எதுவும் இவருக்குப் பழசு.

"உங்களுக்கு வாசிச்சவன் செத்தாத்தான் புடிக்கும். பேப்பர்ல சாவுச் செய்தி வந்த அன்னைக்கே ரெக்கார்டு கடைக்கு ஓடறீங்க."

"உயிரோட இருக்கறவன் நாளைக்கு ஏதாவது கண்றாவி பண்ணித் தொலைப்பான். செத்தவன் பண்ண மாட்டான். நம்பி வாங்கலாம்."

இரண்டாவது பை நுகூய்-சானுடையது. எங்கோ பனி பெய்கிற ஊரில், ஒரு தேவாலயத்தில் பதிவு செய்ததாம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் நான் இரண்டு கோப்பை காபி வடிகட்டிவிட்டேன். இடையிடையே 'கொர்ர்' என்று ஒரு சத்தம்.

"இது என் கிளினிக் மோட்டாரு" என்றார் ஓபினாட்டா-சான். "நாப்பது வருஷம் கேட்டிருக்கேன். அதுல இன்னும் ரெண்டு சுரம் கூடவே இருக்கும்."

"அதோட நோயாளி அலறறதையும் சேத்துக்கோங்க, உங்க ஐம்பத்தேழு வந்துடும்."

"துணி வெளுக்கறவருக்கு எல்லாமே வெளுப்பா இருக்கணும் போல. பாட்டுலகூட ஒரு கறை இல்ல, ஒண்ணுமே இல்ல."

"கறையப் பத்தி நீங்க பேசாதீங்க. உங்க சட்டையில இருக்கற விலாங்குக் குழம்பை எடுக்கறது யாருன்னு நெனச்சீங்க?"

இரண்டு ரெக்கார்டும் தேறவில்லை. வழக்கம்போல ஆளுக்கு ஆள் கையை மடக்கிக்கொண்டார்கள். மாஸ்டர் மூன்றாவது பையை எடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய தட்டு என்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, அதுதான் வழக்கம். ஆனால் சத்தம் இன்னும் துலக்கமாக இருக்கட்டும் என்று புதிதாக வருகிற சிலதை நாற்பத்தைந்தில் ஓடும்படி செய்கிறார்கள். மிஹாருவும் அப்படித்தான் செய்திருந்தாள். தட்டின் நடுவில் பொடி எழுத்தில் அச்சடித்தும் இருந்தது. ரெக்கார்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது கூட்டத்து விதி, அதனால் அவள் சொல்லவில்லை. அதுவும் மாஸ்டரிடம் போய், ஊசி இறங்குகிற சத்தத்தை வைத்தே எந்த நாட்டு அச்சு என்று சொல்கிறவரிடம், வேகத்தைப் பார்த்து வையுங்கள் என்று யார் சொல்வார்கள்?

மாஸ்டர் பொடி எழுத்துப் படிப்பதில்லை. ஆட்கள் முன்னால் கண்ணாடி போடுவதும் இல்லை. வேகம் மாற்றுகிற சுவிட்சை அவர் கடைசியாகத் தொட்டது எந்தப் பிரதமர் காலத்தில் என்று எனக்குத் தெரியாது. ஊசியை வைத்தார்.

முதல் சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் தாவி ஓடியவன் இப்போது முதுகில் பீரோவைச் சுமந்துகொண்டு இறங்கினான். துரத்திய பாஸ் கட்டிலுக்கடியில் யாரோ குறட்டை விடுவது போல உறுமியது. சின்ன சாக்ஸபோன் பெரிய சாக்ஸபோனாக, டெனர் என்பார்களே அதுவாக, தடித்துவிட்டது.

மிஹாரு சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாதி எழுந்தாள். மாஸ்டர் அவள் பக்கம் பார்க்காமலே விரலை நீட்டிப் பலகையைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

நான் சாசரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு சுற்றும் மேசை என் பக்கம்தான், காபி மேடையை ஒட்டி இருக்கிறது. ரெக்கார்டு ஓடும்போது நடமாட எனக்கு அனுமதி உண்டு, பேசத்தான் கூடாது. போய்ச் சுவிட்சைத் தட்டியிருக்கலாம். தட்டத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஓபினாட்டா-சான் தலையை ஆட்டத் தொடங்கினார். கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, 'ஆஹா' என்று வாயசைத்தார். நுகூய்-சான் மோவாயில் கை வைத்து முன்னால் குனிந்தார். என் வீட்டுக்காரர் கண் ஓரத்தில் ஈரம்.

எனக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம். ஆகட்டும், நல்லா ஆடுங்க என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷம் உங்களுக்குக் காபி ஊற்றினேன், இதுக்குத்தான் போல என்று நினைத்தேன். அதே சாசரை நாலு தடவை துடைத்தேன். மிஹாரு பார்த்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

பக்கம் முடிந்தது.

"ஐம்பத்தாறு" என்றார் ஓபினாட்டா-சான். "மிஞ்சினா ஐம்பத்தெட்டு. டெனர் வாசிக்கறவனுக்கு அறுபது வயசுக்குக் குறையாது. குடிகாரன். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா. அவசரமே இல்ல பாருங்க, அவனுக்குப் போறதுக்கு ஒரு எடமும் இல்ல."

"பழசுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் நுகூய்-சான். "அந்தப் பாஸ் அவ்வளவு கீழ போகுது, அந்தக் காலத்து மைக்குல அது ஏறுமா? இது புதுசு. வேகத்தையே வேண்டாம்னு ஒதுக்கித் தள்ளியிருக்காங்க. தைரியம் வேணும் இதுக்கு."

"புதுசோ பழசோ, நான் கை தூக்கறேன்."

"நானும்தான்."

நுகூய்-சான் கூட்டத்தில் சேர்ந்த பதினோரு வருஷத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே ரெக்கார்டுக்கு இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"இந்த டெம்போவுல வாசிக்கறதுக்கு ஒரு வயசு வரணும்" என்றார். "எனக்கே இப்பத்தான் புரியுது."

மூன்று கையும் எழும்புகிற நேரத்தில் மிஹாரு எழுந்தாள். பாராட்டிப் பேசினால் பாதிப் பெண்கள் சிரிப்பார்கள், பாதிப் பேர் அழுவார்கள். இவள் பார்சலில் கையெழுத்து வாங்குகிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"மாஸ்டர், ஒரு சின்ன வேண்டுகோள். கை தூக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேட்டுடுங்க. இந்தத் தடவை நான் போடட்டுமா?"

மாஸ்டர் தயங்கினார். அவருடைய ரெக்கார்டு மேசையை வேறு யாரும் தொட்டதில்லை. ஆனால் கண்ணில் ஈரத்தோடு நிற்கிற ஆண்பிள்ளை அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவான். சரி என்று ஒதுங்கப் போனார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்றால் அடக்க முடியாமல், மூக்கால் வருகிற சிரிப்பு. எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பழைய ஏழு முகமும் திரும்பின மாதிரி இருந்தது எனக்கு. விடுவேனா?

"அறுபது வயசுக் குடிகாரனா? பொண்டாட்டி விட்டுட்டுப் போனாளா?" என்றேன். "இதோ நிக்கறாளே, இவதான் ஊதினது. நாப்பத்தஞ்சுல ஓட வேண்டியதை முப்பத்து மூணுல ஓட்டிட்டு, மூணு பெரிய மனுஷங்க உக்காந்து கண்ணைத் தொடைக்கறீங்க. காதாம் காது. ஒருத்தர் ஐம்பத்தாறுங்கறார், ஒருத்தர் தைரியம்ங்கறார். மாஸ்டருக்கு இப்பத்தான் புரியுதாம்."

கீழே விலாங்குக் கடையில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, தட்டைக் குனிந்து பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு சுவிட்சைத் தட்டினார். தூசி விரலில் ஒட்டியது, அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஊசியை வைத்தார்.

இப்போது அது ஓடியது. சமையலறையில் கேட்டேனே, அதே தாவல், அதே துரத்தல். அந்தப் பெரிய ஸ்பீக்கரில் அது அறையையே வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. இதைக் கேட்டு உட்கார்ந்திருக்க யாரால் முடியும் என்று நினைத்தேன். மூன்று பேராலும் முடிந்தது. ஓபினாட்டா-சான் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், மேசையை முறைத்தபடி. நுகூய்-சான் பால்பாயின்ட் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் உட்காரவே இல்லை.

"அவசரம்" என்றார் ஓபினாட்டா-சான், முடிந்ததும். "வயசு பத்தாது."

"லண்டன்ல அஞ்சு வருஷம் முன்னாடியே இதை எல்லாரும் பண்ணியாச்சு" என்றார் நுகூய்-சான்.

"கை" என்றார் மாஸ்டர்.

ஒரு கையும் எழும்பவில்லை. அப்போது மாஸ்டர் மிஹாருவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தன் கையைத் தொடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். அது அவளுக்காக மடக்கின கை இல்லை. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது?

மிஹாரு தட்டை உறையில் போட்டாள், உறையைப் பையில் போட்டாள், மூன்று பேருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். ஓபினாட்டா-சான் கிளம்பும்போது கதவருகில் நின்று, யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார்.

"அந்த மொத தடவை ஓடின மாதிரி உன்னால ஊத முடியாதாம்மா? அதை ரெக்கார்டு பண்ணிக் குடு, நான் வாங்கிக்கறேன்."

வெட்கங்கெட்ட மனுஷன்.

எல்லாரும் போன பிறகு அவள் சமையலறைக்கு வந்து வழக்கம்போலத் தன் கோப்பையைக் கழுவினாள். மாஸ்டர் கீழே போய்விட்டிருந்தார். நான் அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பேசினேன்.

"இந்தக் கெழங்களுக்கு என்னம்மா தெரியும். விட்டுத் தள்ளு. மூஞ்சியைப் பாத்தியா அதுங்களுக்கு? நான் போட்ட போடுல இனிமே ஒரு மாசம் வாயைத் தொறக்காதுங்க."

"அக்கா, உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"என்னது?"

"வேகம் தப்புன்னு."

"மொத சுரத்துலயே தெரிஞ்சுபோச்சு. எனக்கு நீ போட்டுக் காட்டியிருக்கியே."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

நான் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினேன். "பலகை தொங்குதே. ஓடும்போது பேசக் கூடாதுல்ல."

கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"பேச வேண்டாமே அக்கா. மூணு அடி தள்ளித்தான் சுவிட்சு. ஒரு விரல் போதும், அப்பவே மாஸ்டர் ஊசியத் தூக்கி மறுபடி வெச்சிருப்பாரு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை நானே போடறேன்னு கேட்டேன். சத்தமில்லாம மாத்திப் போட்டிருப்பேன். அப்ப நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா போதும். அவங்களை மட்டந்தட்ட உங்களுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை கெடைச்சிருக்கும். எங்க மூணு பேருக்கு இந்த ஒண்ணுதான் இருந்துச்சு."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

நவம்பரில் மாஸ்டர் ஓபினாட்டா-சானுடைய ஐம்பத்தேழைத்தான் ஓட்டினார். கேக் வெட்டினோம். மிஹாரு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. டிசம்பரில் அவோமோரியிலிருந்து கடைக்கு ஒரு பெட்டி ஆப்பிள் வந்தது. யார் அனுப்பினது என்று மாஸ்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

அன்றைக்குக் கடையைத் திறப்பதற்கு முன்னால், யாரும் இல்லாதபோது, காபி மேடையிலிருந்து அந்தச் சுவிட்சு வரைக்கும் நடந்து பார்த்தேன். மூன்று அடிகூட இல்லை. இரண்டுதான்.